கியரை மாற்றுவது யார்? நீங்களா, கம்ப்யூட்டரா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், எல்லா செட்டிங்குகளையும் ஆட்டோமேட்டிக் என்றே விட்டுவிடலாமா? அல்லது ஒவ்வொன்றையும் நாமே பார்த்து செட் செய்ய வேண்டுமா?"

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த பதில் மனதில் நிற்காது. எனவே இந்த மாதம் ஒரு கதை சொல்கிறேன். இது ஒரு பழைய வண்டியின் கதை. அந்த வண்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது என்று நானும் என் நண்பரும் ஆறு மாதம் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று வரை எல்லோருக்கும் பதிலாகச் சொல்லி வருகிறேன்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் நகரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். என் அலுவலகத்தில் ஓர் அமெரிக்க நண்பர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். அங்கே பழைய கார்களை வாங்கி, உள்ளே வேறு என்ஜின், வேறு கியர் பாக்ஸ் வைத்துப் புதுப்பித்து ஓட்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. கஸ்டம் கார் என்பார்கள். (நம் ஊரில் இதை முயற்சி செய்ய வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றி அமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை விதிக்கிறது.)

நண்பரிடம் இருந்தது 1955-ஆம் வருட செவ்ரலே பிக்கப் டிரக். அதில் 5.7 லிட்டர் வி-8 என்ஜின் ஒன்றைப் பொருத்தியிருந்தார். பெட்ரோலைக் கலந்து கொடுப்பது பழைய கார்புரேட்டர்தான். கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத என்ஜின். ஆனால் காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று அவர் வாங்கி வந்த கியர் பாக்ஸ், 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 4எல்60இ. கம்ப்யூட்டர் இல்லாமல் கியர் மாற்றத் தெரியாத கியர் பாக்ஸ் அது. பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயிலால் ஆன கம்ப்யூட்டர்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1940-ஆம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே 'ஹைட்ராமேட்டிக்' என்ற பெயரில் வந்துவிட்டது. அப்போது கம்ப்யூட்டர் ஏது? பின் எப்படிக் கியர் மாறியது?

ஆயிலின் அழுத்தத்தால்தான். வண்டி வேகமாக ஓடினால் ஒரு பக்கம் ஆயில் அழுத்தம் கூடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னொரு பக்கம் அழுத்தம் கூடும். நடுவில் ஒரு வால்வு. இரண்டு பக்கமும் அதைத் தள்ளும். வேகத்தின் பக்கம் ஜெயித்தால் அடுத்த கியர் விழும். ஆக்சிலேட்டரின் பக்கம் ஜெயித்தால் கீழ்க் கியரிலேயே வண்டி இழுக்கும். கிட்டத்தட்டத் தராசு மாதிரி. மின்சாரமே இல்லாமல் இரண்டு எண்களை ஒப்பிட்டு முடிவு எடுக்கும் இந்த வால்வுத் தொகுதியை ஒரு கம்ப்யூட்டர் என்று சொன்னால் தவறில்லை.

1982 மாடல் கார்களில் வந்த 700ஆர்4 என்ற கியர் பாக்ஸ் இந்த முறையில்தான் வேலை செய்தது. பின்னர் அதன் பெயர் 4எல்60 என்று மாறியது. 1993-இல் அதிலேயே எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு சேர்ந்து 4எல்60இ ஆனது. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 4 என்றால் நான்கு முன் கியர்கள். எல் என்றால் வண்டியின் நீளவாக்கில் பொருத்துவது. 60 அதன் தாங்கும் திறனைக் குறிக்கும் எண். இ என்றால் எலெக்ட்ரானிக். அவ்வளவுதான்.

இரண்டு பிட், நான்கு கியர்

இந்த எலெக்ட்ரானிக் கியர் பாக்ஸில் கியரைத் தேர்ந்தெடுப்பவை இரண்டே இரண்டு சோலினாய்டுகள். சோலினாய்டு என்பது மின்சாரம் கொடுத்தால் ஒரு நிலையிலும், நிறுத்தினால் இன்னொரு நிலையிலும் இருக்கும் சின்ன மின்காந்த வால்வு. இவற்றை ஏ, பி என்று அழைப்போம். எந்தக் கியருக்கு எது ஆன், எது ஆஃப் என்று பாருங்கள்.

முதல் கியர்: ஏ ஆன், பி ஆன்
இரண்டாம் கியர்: ஏ ஆஃப், பி ஆன்
மூன்றாம் கியர்: ஏ ஆஃப், பி ஆஃப்
நான்காம் கியர்: ஏ ஆன், பி ஆஃப்

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? ஆம், பைனரிதான். ஆன் என்பதை 1 என்றும் ஆஃப் என்பதை 0 என்றும் எழுதிப் பாருங்கள். 11, 01, 00, 10. உங்கள் கம்ப்யூட்டரின் மெமரியில் கோடிக்கணக்கில் இருக்கும் பிட்டுகளில் இரண்டை எடுத்தால் போதும். ஒன்றரை டன் வண்டியை ஆட்டி வைக்கலாம்.

இன்னொரு அழகும் இதில் இருக்கிறது. ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போகும்போது ஒரே ஒரு பிட்தான் மாறுகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் மாற வேண்டியிருந்தால், ஒன்று முந்தி, மற்றது பிந்தி, நடுவில் ஒரு கணம் தவறான கியர் விழலாம். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. கம்ப்யூட்டர் படிப்பில் இதை கிரே கோட் என்பார்கள்.

இந்த அட்டவணையைப் பார்த்ததும் என் நண்பருக்கு ஒரே உற்சாகம். "இவ்வளவுதானா? இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர்? டாஷ் போர்டுக்குக் கீழே இரண்டு ஸ்விட்ச் வைத்தால் நானே கியர் மாற்றிக்கொள்வேன்" என்றார். ஒரு சனிக்கிழமையில் செய்தும் முடித்துவிட்டார். வண்டி ஓடியது. நான்கு கியரும் விழுந்தன. கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார்.

அந்த மழை நாள்

ஒரு மாலை நேரம். மழை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர் வேகம். நான்காம் கியர். முன்னே ஒரு மேடு வந்தது. மூன்றாம் கியருக்கு வர வேண்டும். அட்டவணைப்படி ஏ ஸ்விட்சை ஆஃப் செய்ய வேண்டும். கண் சாலையில் இருக்க, கையால் தடவிய நண்பர், பி ஸ்விட்சை ஆன் செய்துவிட்டார்.

மேலே உள்ள அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். 10 என்பதில் இரண்டாவது பிட் மாறினால் 11. நான்காம் கியரிலிருந்து நேராக முதல் கியர்!

அந்தக் கியர் பாக்ஸில் சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்சுகள் இருக்கின்றன. அதனால் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. பிழைத்தோம். ஆனால் வண்டி இழுப்பது சட்டென்று நின்றது. என்ன என்று புரியாமல் நண்பர் ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் அலறியது. அந்த வேகத்தில் முதல் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 6,600 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் வண்டியை இழுக்க முடியும். அந்த என்ஜினுக்கு 5,500-க்கு மேல் ஆகாது. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடிக்க, மேட்டின் நடுவில் வேகம் குறைந்து, எப்படியோ ஓரம் கட்டினோம்.

ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது இதுதான். அவருடைய பதினேழு வயது மகளுக்கு அந்தக் கோடையில் இந்த டிரக்கை ஓட்டக் கற்றுத்தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். "எனக்கே கை தவறுகிறது. அவள் என்ன செய்வாள்?"

ஸ்விட்ச் மறப்பது என்ன?

அன்றிலிருந்து நான் அடித்துச் சொல்கிறேன். ஸ்விட்ச் வைப்பது மேனுவல் கண்ட்ரோல் ஆகாது. பாதுகாப்பை எல்லாம் கழற்றி வீசிவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பதுதான் அது.

கியரைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கம்ப்யூட்டரின் வேலைகளில் ஒன்று மட்டுமே. இன்னொரு சோலினாய்டு ஆயில் அழுத்தத்தைக் கவனிக்கிறது. மெதுவாகப் போகும்போது அழுத்தம் குறைவாக இருந்தால் கியர் வெண்ணெய் மாதிரி மாறும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அழுத்தம் கூட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேய்ந்து கருகிவிடும். அதற்காகக் கம்ப்யூட்டர் வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மின்சாரத்தை ஆன் ஆஃப் செய்து அளவைச் சரி பார்த்துக்கொண்டே இருக்கிறது. எந்த மனிதனின் விரலும் இதைச் செய்ய முடியாது.

அடுத்தது லாக்-அப். நெடுஞ்சாலையில் என்ஜினையும் கியர் பாக்ஸையும் நழுவல் இல்லாமல் இறுக்கிப் பிணைக்கும் ஒரு கிளட்ச். பெட்ரோல் மிச்சம், சூடும் குறையும். ஆனால் பிரேக் மிதித்ததும் அதை விடுவித்தாக வேண்டும். மறந்தால் சிக்னலில் என்ஜின் குலுங்கி நின்றுவிடும். அவசரமாகப் பிரேக் மிதிக்கும் ஒருவருக்கு, ஒரு ஸ்விட்சை ஆஃப் செய்யும் ஞாபகம் வருமா?

ஆகவே நண்பர் ஒரு தனிக் கண்ட்ரோலர் வாங்கினார். கஸ்டம் கார்க்காரர்களுக்கென்றே இவை விற்கப்படுகின்றன. கையால் சால்டர் செய்து அமைத்துக்கொள்ளும் வகைகளும் உண்டு. மெகாஸ்குவர்ட் என்ற என்ஜின் கண்ட்ரோலரை உருவாக்கிய புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் கியர் பாக்ஸுக்காக மெகாஷிஃப்ட் என்ற ஒன்றையும் தந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கண்ட்ரோலர்களை லேப்டாப்புடன் கேபிளில் இணைத்து, அட்டவணையில் எண்களை நிரப்பினால் போதும். ஸ்டியரிங் அருகே பிளஸ், மைனஸ் என்று இரண்டு பட்டன் வைத்தோம். கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கப்படுகிறது என்று சொல்லும் சென்சார் ஒன்றைச் சேர்த்தோம். பிரேக் பெடலிலிருந்து ஒரு ஒயர். வண்டியின் வேகம் சொல்லும் சென்சார் கியர் பாக்ஸிலேயே இருந்தது.

அட்டவணையை நிரப்பும் வேலை என்னுடையது. சாஃப்ட்வேர்காரன் ஆயிற்றே!

பத்தாயிரம் சுற்று

கம்ப்யூட்டர் எதை மறுக்க வேண்டும்? இதற்கு அபிப்பிராயம் தேவையில்லை. கணக்குப் போட்டாலே போதும். அந்த டிரக்கின் டயர் விட்டம் 26 அங்குலம். பின் அச்சின் விகிதம் 3.73. கியர் பாக்ஸின் விகிதங்கள் முதல் கியருக்கு 3.059, இரண்டுக்கு 1.625, மூன்றுக்கு 1, நான்குக்கு 0.696. மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் எவ்வளவு சுற்ற வேண்டும்?

நான்காம் கியரில் சுமார் 2,350. மூன்றில் 3,370. இரண்டில் 5,480. முதல் கியரில் 10,300!

கடைசி எண்ணைப் பார்த்ததும் எனக்கு மழை நாள் ஞாபகம் வந்துவிட்டது. பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? "கியரைக் குறைக்கும்போது 3,000 சுற்றைத் தாண்டுமானால் அனுமதிக்காதே" என்று கட்டளை கொடுத்துவிட்டேன். 3,000 என்ற எண்ணை எங்கிருந்து பிடித்தேன்? எங்கிருந்தும் இல்லை. பாதுகாப்பாகத் தோன்றியது, போட்டேன்.

மலையில் மாட்டிக்கொண்டோம்

நாக்ஸ்வில்லுக்கு அருகில் கிரேட் ஸ்மோக்கி மலைகள் இருக்கின்றன. அதன் நடுவே நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாய் 5,046 அடி உயரத்தில். நம் ஏற்காட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இறங்கும் பாதை நீளமானது. மலைப்பாதை ஓட்டிய எவருக்கும் தெரியும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கீழ்க் கியரில் போட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும்.

நண்பர், அவர் மகள், நான். மூவரும் அந்த வண்டியில். இறக்கத்தில் வேகம் 42 மைல். நண்பர் மைனஸ் பட்டனை அழுத்தினார். மூன்றாம் கியர் விழுந்தது. மறுபடி அழுத்தினார். 'பீப்'. மறுபடி. 'பீப்'. கம்ப்யூட்டர் இரண்டாம் கியரைக் கொடுக்க மறுத்தது. 42 மைலில் இரண்டாம் கியர் என்றால் சுமார் 3,290 சுற்று. என் வரம்பு 3,000. என்ஜினோ 5,500 வரை தாங்கும்!

பிரேக்கிலிருந்து கருகல் வாடை வர ஆரம்பித்தது. கொஞ்சம் தூரத்தில் வண்டி நிறுத்த இடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. நிறுத்தி, பிரேக் ஆறும் வரை காத்திருந்தோம். லேப்டாப்பைத் திறந்து 3,000 என்பதை 5,000 ஆக்கினேன். தலை நிமிரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. மறுபடி கிளம்பினோம். மைனஸ் அழுத்தியதும் இரண்டாம் கியர் விழுந்தது. டிஸ்பிளேயில் 2 என்று காட்டியது. ஆனால் என்ஜின் வண்டியைப் பிடிக்கவே இல்லை! காரணம், நான் முன்னே சொன்ன அந்த ஃப்ரீவீல். கியர் லீவர் ஓவர் டிரைவ் நிலையில் இருக்கும்போது, இரண்டாம் கியரில் வண்டி என்ஜினைத் தள்ள முடியாது. சைக்கிளில் பெடல் மிதிக்காமல் இறங்குவது போல நழுவிவிடும். இறக்கத்தில் என்ஜின் பிடிக்க வேண்டுமானால் இன்னொரு கிளட்ச் சேர வேண்டும். அதைச் சேர்ப்பது சோலினாய்டு அல்ல. லீவரோடு இணைந்த வால்வு. லீவரை கையால் 2-க்கு இழுத்ததும் வண்டி கட்டிப் போட்ட மாதிரி நிதானமாக இறங்கியது.

பார்க்கிங், ரிவர்ஸ், நியூட்ரல் மூன்றும் அப்படித்தான். அவை கம்ப்யூட்டரின் கையில் இல்லை. லீவரின் கையில் இருக்கின்றன. திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பிய எனக்கு அன்று நல்ல பாடம்.

யாருக்கு எவ்வளவு அதிகாரம்?

இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழை நாளில் மனிதன் சொன்னதையெல்லாம் இயந்திரம் கேட்டது. மலைப் பாதையில் மனிதன் சொன்ன நியாயமான ஒன்றை இயந்திரம் மறுத்தது. இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான். எனவே ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா என்ற கேள்வியே தவறு என்பது என் கருத்து. எதை யார் முடிவு செய்வது என்பதுதான் சரியான கேள்வி. அந்த டிரக்கில் நாங்கள் கடைசியாக எழுதி வைத்த விதிகள் இவை.

ஒன்று. கியர் எது என்று கேட்பது ஓட்டுபவரின் உரிமை. அவர் கேட்காமல் கம்ப்யூட்டர் மேல் கியருக்குத் தாவக் கூடாது. இறக்கத்தில் அது தானாக மூன்றாம் கியருக்குப் போனால், என்ஜினின் பிடி மிகத் தேவையான நேரத்தில் தளர்ந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் மிதமிஞ்சிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ள இக்னிஷனில் தனி லிமிட்டர் வைக்கலாம்.

இரண்டு. கம்ப்யூட்டருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் கணக்குக் காட்டி மறுக்க வேண்டும். பயத்தினால் மறுக்கக் கூடாது. வரம்பு 5,000 என்றால் ஏன் 5,000 என்று சொல்ல முடிய வேண்டும்.

மூன்று. மறுத்தால் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும். அந்த 'பீப்' மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், பட்டன் கெட்டுப் போய்விட்டது என்று நினைத்து இன்னும் ஒரு மைல் இறங்கியிருப்போம்.

நான்கு. மனிதன் செய்ய முடியாததையும், மறந்துவிடக் கூடியதையும் கம்ப்யூட்டரே செய்யட்டும். ஆயில் அழுத்தம், பிரேக் மிதித்ததும் லாக்-அப்பை விடுவிப்பது, வண்டி நின்றதும் முதல் கியருக்குத் திரும்புவது. இவற்றில் நமக்கு ரோஷம் வேண்டாம்.

ஐந்தாவது விதியை நாங்கள் எழுதவில்லை. அதை அந்தக் கியர் பாக்ஸை வடிவமைத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் செத்துப் போனால் என்ன ஆகும்? இரண்டு சோலினாய்டும் ஆஃப். அட்டவணையில் 00 எது? மூன்றாம் கியர். நெடுஞ்சாலையில் நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தால் என்ஜினுக்குச் சேதம் இல்லை. அழுத்த சோலினாய்டில் மின்சாரம் இல்லாவிட்டால் ஆயில் அழுத்தம் முழு அளவில் நிற்கும். கியர் முரட்டுத்தனமாக விழும், ஆனால் கிளட்ச் கருகாது. ரிவர்ஸ் லீவரின் கையில் இருக்கிறது. ஆமை வேகத்தில் கிளம்பினாலும் வீடு வந்து சேரலாம். கெட்டுப் போகும்போதும் மனிதனை நடுத்தெருவில் விடாதபடி யோசித்து வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நல்ல டிசைன் என்பேன்.

இந்த யோசனைகள் கஸ்டம் காருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். போர்ஷே நிறுவனம் 1990 மாடல் 911 காரில் டிப்டிரானிக் என்ற பெயரில், ஆட்டோமேட்டிக் கியரை லீவரைத் தட்டி மாற்றும் வசதியைத் தந்தது. இந்தியாவில் 2014-இல் வந்த மாருதி சுசூகி செலேரியோவில் பிளஸ், மைனஸ் இருந்தது. (அது வேறு வகை. சாதாரண கியர் பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் மோட்டார் போல ஒரு கருவி இயக்கும் ஏஎம்டி.) இன்று அப்படி ஒரு கார் உங்கள் வீட்டில் இருந்தால், மலையில் இறங்குவதற்கு முன் மைனஸ் எப்படி வேலை செய்கிறது, எப்போது மறுக்கிறது என்று கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் நேரத்தில் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

உங்கள் மேஜைக்கு வருவோம்

சரி, ஆரம்பித்த கேள்விக்கு வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் எதை ஆட்டோமேட்டிக் ஆக விடுவது?

ஆன்ட்டி வைரஸ் அப்டேட்டை விட்டுவிடுங்கள். அது ஆயில் அழுத்தம் மாதிரி. தினமும் நீங்கள் உட்கார்ந்து செய்ய முடியாது. நீங்கள் டைப் செய்யும் கடிதம் தானாக சேவ் ஆகட்டும். அது பிரேக் மிதித்ததும் விடும் லாக்-அப் மாதிரி. மறந்துவிடுவீர்கள். ஆனால் கம்ப்யூட்டரை எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வது, எந்தப் படத்தை அழிப்பது, எந்தச் சொல்லைத் திருத்துவது, இவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்தால் வேறு ஏதோ சொல்லாகத் திருத்தும் புத்திசாலியிடம் அந்த உரிமையைக் கொடுக்காதீர்கள்.

"இந்த ஃபைலை நிச்சயம் அழிக்கவா?" என்று கேட்கும்போது எரிச்சல்படாதீர்கள். அது அந்த 'பீப்'. படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்த எச்சரிக்கைகளை எல்லாம் ஆஃப் செய்துவிட்டு நான் எக்ஸ்பர்ட் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு டாஷ் போர்டுக்குக் கீழே இருந்த இரண்டு ஸ்விட்சுகள்தான் ஞாபகம் வருகின்றன. கடைசியாக, கம்ப்யூட்டர் ஒரு நாள் செத்துப் போனால் உங்கள் படங்களும் கணக்குகளும் எங்கே இருக்கும் என்று இன்றே யோசித்து, ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் மூன்றாம் கியர்.

அந்தப் பெண் அடுத்த கோடையில் டிரக்கை ஓட்டினாள். முதல் நாள் பின்னால் என் காரில் தொடர்ந்து போனேன். ஒரு இறக்கத்தில் பிரேக் விளக்கு எரியவே இல்லை. கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தாள். ஓரம் நிறுத்தியதும் அவள் அப்பா முதலில் கேட்டது, "பீப் வந்ததா?" என்றுதான்.

"ஒரே ஒரு முறை வந்தது. கேட்டேன்" என்றாள்.

உங்கள் கம்ப்யூட்டரில் எதை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள், எதை விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்? இன்று மாலை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.